பேஸ்மேக்கர் இருப்பவரின் முட்டிக்குக் கரண்ட் வைக்கலாமா? போகும் முன் செய்ய வேண்டியவை

முட்டி வலிக்காகப் பிசியோதெரபிக்குப் போன இடத்தில், அப்பாவின் வலது முட்டியைச் சுற்றி நான்கு பேடுகளை ஒட்டி, வயர்களை மாட்டி, மெஷினின் திருகில் தெரபிஸ்ட் கை வைத்த பிறகுதான் எனக்குச் சுரீரென்று உறைத்தது. "இவருக்கு பேஸ்மேக்கர் இருக்கு, இதை வைக்கலாமா?" என்று கேட்டேன். அவர் சட்டென்று கையை எடுத்துவிட்டார். "ஐயா, இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். "நீங்க முட்டியைப் பத்தித்தானே கேட்டீங்க" என்றார் அப்பா. கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. சொல்ல வேண்டியவருக்கு, அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே தெரியவில்லை.

அதன்பிறகு மூன்று வாரம் அலைந்தோம். பிசியோதெரபியில் "இதய டாக்டரைக் கேட்டுட்டு வாங்க" என்றார்கள். இதய டாக்டர், "எந்த மெஷின்? எந்த இடத்தில் வைக்கப் போகிறார்கள்?" என்று கேட்டார், எங்களிடம் பதில் இல்லை. பேஸ்மேக்கர் சோதிக்கும் பிரிவுக்குப் போனால், டாக்டர் கடிதம் இல்லாமல் பார்க்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். அவரவர் சொன்னது அவரவர் அளவில் சரிதான். நாங்கள்தான் கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை, கையில் சரியான காகிதமும் இல்லை. அந்த மூன்று வாரத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. வைக்கலாமா, கூடாதா என்ற முடிவை உங்கள் டாக்டர்தான் எடுக்க வேண்டும். அந்த முடிவை அவர் சீக்கிரமாகவும் சரியாகவும் எடுக்க நீங்கள் என்ன கொண்டுபோக வேண்டும் என்பதுதான் இங்கே இருக்கிறது.

1. பலன் எவ்வளவு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

இதய நோயாளிகள் இந்தச் சிகிச்சையைத் தேடிப் போவதற்குக் காரணம் இருக்கிறது. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, இதயச் செயலிழப்பை மோசமாக்கும். ரத்த அழுத்தத்தைக் கூட்டும். மாரடைப்பு ஆபத்து பற்றி இந்த மாத்திரைகளின் மேல் ஏற்கெனவே இருந்த எச்சரிக்கையை 2015-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இன்னும் கடுமையாக்கியது. ஐபுபுரோஃபெனுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் போடும் சிறிய ஆஸ்பிரின் வேலை செய்யவிடாமல் அது குறுக்கே நிற்கும். அப்பாவுக்கு இதய டாக்டர் இந்த மாத்திரைகளை அடியோடு நிறுத்தினார். வலி மட்டும் நிற்கவில்லை. "கரண்ட் வெச்சா சரியாயிடும்" என்று நாலு பேர் சொன்னார்கள், போனோம்.

போகும் முன் எங்களுக்கு யாரும் சொல்லாத ஒன்று: மூட்டுத் தேய்மானத்துக்கு மின்சிகிச்சை தரும் பலன் சிறியது, அதுவும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், டென்ஸ், ஐஎஃப்டி (இரண்டும் கரண்ட் வைக்கும் மெஷின்கள், மூன்றாவது படியில் விளக்குகிறேன்), அல்ட்ராசவுண்ட், லேசர் எதையும் மூட்டுத் தேய்மானத்துக்குத் தர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பலனுக்குப் போதுமான ஆதாரம் இல்லை என்பதுதான் காரணம். அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதலும் முட்டிக்கு டென்ஸ் வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறது. ஆனாலும் சிலருக்கு வைக்கும் நேரத்திலும் அதற்குப் பிறகு சில மணி நேரமும் வலி மட்டுப்படுகிறது, அந்த நேரத்தில் உடற்பயிற்சி செய்ய முடிகிறது. அப்பாவுக்கும் அப்படித்தான்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், தராசின் ஒரு தட்டில் இருப்பது சின்னப் பலன் என்றால் மறு தட்டில் ஆபத்து கொஞ்சம்கூட இருக்கக் கூடாது. "லேசா வெச்சுப் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் இந்தத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள்.

2. உங்கள் இதயப் பிரச்சினை எந்த வகை?

"ஹார்ட் பேஷண்ட்" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் பதில் மாறும்.

பேஸ்மேக்கர் உள்ளவர்கள்: இதயத்தின் சொந்தத் துடிப்பை பேஸ்மேக்கர் கேட்டுக்கொண்டே இருக்கும். துடிப்பு வந்தால் சும்மா இருக்கும், வராவிட்டால் தானே ஒரு தூண்டுதல் கொடுக்கும். வெளியே இருந்து போகும் மின்துடிப்பை இதயத் துடிப்பு என்று அது நம்பிவிட்டால், கொடுக்க வேண்டிய தூண்டுதலைக் கொடுக்காமல் விட்டுவிடும். முழுக்க பேஸ்மேக்கரை நம்பியே துடிக்கும் இதயம் என்றால் தலைசுற்றல், மயக்கம் வரை போகலாம். முட்டி நெஞ்சிலிருந்து தூரம் என்பதால் வாய்ப்பு குறைவுதான். ஆனால் குறைவு என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. டென்ஸ் மெஷின்களின் கையேட்டிலேயே பேஸ்மேக்கர் இருந்தால் பயன்படுத்தக் கூடாது என்று இருக்கும். சோதனை செய்து, டாக்டர் எழுத்தில் அனுமதித்தால் மட்டுமே விதிவிலக்கு.

ஐசிடி உள்ளவர்கள்: இங்கே இன்னும் கண்டிப்பு வேண்டும். ஆபத்தான வேகத் துடிப்பு வந்தால் உள்ளிருந்தே மின்அதிர்ச்சி கொடுத்து இதயத்தைச் சரிசெய்யும் கருவி இது. டென்ஸ் துடிப்பை அந்த வேகத் துடிப்பு என்று தவறாக எடுத்துக்கொண்டு, தேவையில்லாமல் அதிர்ச்சி கொடுத்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஐசிடி இருப்பவர்கள் முட்டிக்கு வேறு வழி தேடுவதுதான் நல்லது என்பது என் எண்ணம்.

ஸ்டென்ட், பைபாஸ், செயற்கை வால்வு: இவற்றில் மின்கருவி எதுவும் இல்லை. முட்டியில் வைக்கும் டென்ஸ் இவற்றைக் குழப்பாது. ஆனால் இவர்களில் பலர் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள். அதைப் பற்றி ஆறாவது படியில் சொல்கிறேன்.

இதயச் செயலிழப்பு, சீரற்ற துடிப்பு, சமீபத்திய மாரடைப்பு, அடங்காத ரத்த அழுத்தம், உட்கார்ந்திருக்கும்போதே வரும் நெஞ்சுவலி: இவற்றில் எது இருந்தாலும், உடல் நிலை அடங்கிய பிறகுதான் முட்டியைப் பற்றிப் பேச வேண்டும். முட்டி காத்திருக்கும்.

இங்கே ஒரு பொறி. எல்லா பேஸ்மேக்கரும் காலர் எலும்புக்குக் கீழே மேடாகத் தெரிவதில்லை. வயர் இல்லாத சிறிய பேஸ்மேக்கரைத் தொடை இடுக்கு வழியாகக் கொண்டுபோய் இதயத்துக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். நெஞ்சில் தழும்பே இருக்காது. தோலுக்கடியில் வைக்கும் ஒருவகை ஐசிடி, இடது அக்குள் பக்கம் விலாவில் இருக்கும். தெரபிஸ்ட் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார் என்று இருக்காதீர்கள். வாயைத் திறந்து சொல்லுங்கள்.

3. மெஷினின் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள்

எல்லாவற்றையும் நாம் "கரண்ட் வைக்கிறது" என்றுதான் சொல்கிறோம். உள்ளே அவை முற்றிலும் வேறுவேறு. எங்கள் அலைச்சலில் பாதி இந்த ஒரு சொல்லால்தான்.

டென்ஸ்: தோல் வழியாக நரம்பைத் தூண்டிச் சுறுசுறுவென்ற உணர்வு தருவது. வினாடிக்கு 2 முதல் சுமார் 120 துடிப்புகள் வரை வைப்பார்கள்.

ஐஎஃப்டி: சுமார் 4000 ஹெர்ட்ஸில் இரண்டு மின்னோட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அனுப்பி, அவை சந்திக்கும் இடத்தில் வேலை செய்ய வைப்பது. அதற்குத்தான் நான்கு பேடு. டென்ஸைவிட ஆழமாகப் போகும் என்று சொல்லித் தருவார்கள். டென்ஸுக்குக் கிடைத்த அனுமதி இதற்குச் செல்லாது.

தசைத் தூண்டல் மெஷின்: தொடைத் தசையைச் சுருங்க வைப்பது. தசை தெரியும்படி இறுகும். உடற்பயிற்சி செய்ய முடியாத இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு இதைக் கண்காணிப்போடு கொடுத்து ஆய்ந்திருக்கிறார்கள். ஆனால் பேஸ்மேக்கர், ஐசிடி விஷயத்தில் டென்ஸுக்கு உள்ள அதே தடை இதற்கும் உண்டு.

ஷார்ட்வேவ் டயதெர்மி, மைக்ரோவேவ் டயதெர்மி: இந்தப் பெயர் காதில் விழுந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஷார்ட்வேவ் 27.12 மெகாஹெர்ட்ஸில் ரேடியோ அலையை அனுப்புகிறது. பேஸ்மேக்கர், ஐசிடியிலிருந்து இதயத்துக்குள் போகும் வயர் அந்த அலையை வாங்கி, நுனியில் சூடாகி, சுற்றியுள்ள திசுவைப் பொசுக்கிவிடலாம். 2002 டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது. உடலில் எந்த இடத்தில் வைத்தாலும் ஆபத்து, உள்ளே பொருத்திய கருவி அணைக்கப்பட்டிருந்தாலும் ஆபத்து, கருவியை எடுத்துவிட்டு வயர் மட்டும் உள்ளே மிச்சமிருந்தாலும் ஆபத்து, சூடு தராத அமைப்பில் வைத்தாலும் ஆபத்து என்பதே அதன் சாரம். "குறைச்சு வைக்கிறேன்", "சூடே தெரியாது" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. பக்கத்துக் கட்டிலில் வேறொருவருக்கு அது ஓடிக்கொண்டிருந்தால்கூட, அந்த அறையில் உட்கார வேண்டாம். நடுவில் தொங்கும் திரைத்துணி ரேடியோ அலையைத் தடுக்காது.

அல்ட்ராசவுண்ட்: ஜெல் தடவித் தேய்ப்பது, ஒலி அலை. கருவி இருக்கும் நெஞ்சுப் பகுதியில் வைக்கக் கூடாது. முட்டியில் வைப்பது வேறு விஷயம். இருந்தாலும் கடிதத்தில் இதன் பெயரும் இருக்கட்டும்.

காந்தப்புலச் சிகிச்சை: வலுவான காந்தப்புலம் பேஸ்மேக்கரின் நடத்தையையே மாற்றும். வேண்டாம்.

ஆக, முதல் நாள் பிசியோதெரபிக்குப் போகும்போது சிகிச்சைக்குப் போகாதீர்கள், கேள்வி கேட்கப் போங்கள். எந்த மெஷின், எத்தனை பேடு, முட்டியில் எந்தெந்த இடம், எத்தனை நிமிடம், எத்தனை ஹெர்ட்ஸ் என்று தெரபிஸ்டிடமே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். ஐந்து நிமிட வேலை. எங்களுக்கு அந்த ஐந்து வரி இல்லாததால்தான் இதய டாக்டரிடம் இரண்டு முறை வீணாகப் போய்வர வேண்டியிருந்தது.

4. காகிதங்களை ஒரே கவரில் போடுங்கள்

முக்கியமானது கருவி அடையாள அட்டை. பொருத்தியபோது பர்சில் வைக்கும் அளவில் ஒரு அட்டை கொடுத்திருப்பார்கள். கம்பெனி, மாடல், பொருத்திய தேதி, எந்த வகை வயர் எல்லாம் அதில் இருக்கும். அப்பாவின் அட்டை அலமாரியில் பழைய பில்களுக்கு நடுவே மடங்கிக் கிடந்தது. அதைத் தேடவே ஒரு நாள் போனது. இன்றே எடுத்து இரண்டு பக்கமும் போனில் படம் பிடித்து வையுங்கள்.

அடுத்தது, கடைசியாக பேஸ்மேக்கரைச் சோதித்த ரிப்போர்ட். அதில் எத்தனை சதவீத நேரம் கருவி தூண்டுதல் கொடுக்கிறது என்று இருக்கும். உங்கள் இதயம் கருவியை எவ்வளவு நம்பியிருக்கிறது என்பதை டாக்டர் அதிலிருந்துதான் கணிக்கத் தொடங்குவார். கூடவே சமீபத்திய ஈசிஜி, எக்கோ ரிப்போர்ட், எல்லா மருந்துகளின் பட்டியல், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவர் என்றால் கடைசி ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட், முட்டி எக்ஸ்ரே. உடம்பில் வேறு எங்காவது உலோகம் இருந்தால், உதாரணமாக மறுமுட்டியில் செயற்கை மூட்டு இருந்தால், அதையும் ஒரு வரி எழுதுங்கள்.

இவற்றின் மேல் தெரபிஸ்ட் எழுதிய தாளை வையுங்கள். அதற்கும் மேலே உங்கள் கேள்வித் தாள். நாங்கள் மூன்றாவது முறை போனபோது கொண்டுபோனது இப்படி இருந்தது: "இவருக்கு இரட்டை அறை பேஸ்மேக்கர் உள்ளது. இரண்டு முட்டிகளுக்கும் டென்ஸ் வைக்கப் பிசியோதெரபிஸ்ட் விரும்புகிறார். விவரம் இணைப்பில். ஒன்று, இதைச் செய்யலாமா? இரண்டு, செய்யலாம் என்றால் முதல் முறை கருவியைக் கண்காணித்தபடி செய்ய ஏற்பாடு செய்ய முடியுமா? மூன்று, எந்த மெஷின்கள் கூடவே கூடாது என்று எழுதித் தர முடியுமா?" டாக்டர் படித்து முடித்ததும் பேனாவை எடுத்தார். முந்தைய இரண்டு முறை நடக்காதது, அன்று பத்து நிமிடத்தில் நடந்தது.

5. போகும் வரிசையும், சோதனை நாளும்

முதலில் தெரபிஸ்டின் தாள், அப்புறம் இதய டாக்டர், அப்புறம் கருவி சோதிக்கும் பிரிவு, கடைசியில்தான் சிகிச்சை. வரிசை மாறினால் திரும்ப முதலிலிருந்து அலைய வேண்டும்.

நேரம் விஷயத்தில் ஒரு யோசனை. பேஸ்மேக்கருக்கு எப்படியும் சில மாதங்களுக்கு ஒருமுறை சோதனை இருக்கும். அந்தத் தேதி பக்கத்தில் இருந்தால் தனியாகப் போகாமல் அன்றே இதையும் சேர்த்துக் கேளுங்கள். ஆனால் முன்கூட்டியே போன் செய்து சொல்லிவிடுங்கள். டென்ஸ் மெஷினை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும், வழக்கத்தைவிட அதிக நேரமும் தேவைப்படும். கருவியைப் புதிதாகப் பொருத்தியவர்கள், வயர் நன்றாகப் பிடித்துக்கொள்ளும் வரை இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். எப்போது என்று உங்கள் டாக்டர் சொல்வார்.

சோதனை என்ன என்று தெரிந்தால் பயம் இருக்காது. அப்பாவைப் படுக்க வைத்து, ஈசிஜி வயர்களை மாட்டி, பேஸ்மேக்கர் மேட்டின் மேல் உள்ளங்கை அளவு ஒரு வட்டக் கருவியை வைத்தார்கள். பேஸ்மேக்கர் என்ன கேட்கிறது என்பது திரையில் ஓடியது. பிறகு முட்டியில் டென்ஸ் பேடுகளை ஒட்டி, குறைந்த அளவில் தொடங்கி, அப்பா "சுறுசுறுங்குது" என்று சொன்ன அளவு வரையும், அதற்குச் சற்று மேலும் ஏற்றினார்கள். துடிப்பின் வேகத்தையும் மாற்றிப் பார்த்தார்கள். டெக்னீஷியன் முட்டியைப் பார்க்கவே இல்லை, கண்ணெல்லாம் திரையில். இதயத் துடிப்பு இல்லாத இடத்தில் பேஸ்மேக்கர் எதையாவது துடிப்பு என்று குறித்துக்கொள்கிறதா என்றுதான் பார்ப்பார்களாம். அப்பாவுக்கு எந்தக் குறுக்கீடும் தெரியவில்லை. எந்த மெஷின், எந்த இடம், எந்த அளவு வரை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த முடிவு அப்பாவின் கருவிக்கும், அந்த மெஷினுக்கும், அந்த அளவுக்கும் மட்டும்தான். "அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையாம்" என்று எங்களைக் காட்டி யாரும் சோதனையைத் தாண்டிப் போக வேண்டாம். உங்கள் பகுதியில் இப்படிச் சோதிக்கும் வசதி இல்லை என்றால், பதில் "வேண்டாம்" என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

6. பேட் ஒட்டும் முன் காலைப் பாருங்கள்

பேஸ்மேக்கர் இல்லாத இதய நோயாளிகளுக்கும் இந்தப் படி பொருந்தும். பலர் அவசரத்தில் தாண்டிவிடுவது இதைத்தான்.

கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, சூடாக, அழுத்தினால் வலிக்கிறதா? அது காலில் ஆழத்தில் ஓடும் ரத்தக் குழாயில் (சிரையில்) ரத்தக்கட்டாக இருக்கலாம். அதன் மேல் கரண்ட், சூடு, மசாஜ் எதுவும் கூடாது. கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடும் ஆபத்து உண்டு. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு முட்டியின் பின்னால் நீர்க்கட்டி வந்து, அது உடைந்தாலும் கெண்டைக்கால் இதே போல வீங்கும். இரண்டையும் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. அன்று சிகிச்சை வேண்டாம், டாக்டரைப் பாருங்கள்.

இரண்டு காலும் சேர்ந்து வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா? இரண்டு மூன்று நாளில் எடையும் ஏறியிருக்கிறதா? அது முட்டியின் வேலையாக இருக்காது, இதயத்தின் எச்சரிக்கையாக இருக்கலாம். இதய டாக்டருக்குப் போன் செய்யுங்கள். தவிர, வீங்கிய தோல் மெல்லியது. பேடை உரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும்.

சர்க்கரை நோய் இருந்து காலில் உணர்வு குறைந்தவர்களுக்கு மெஷின் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதே தெரியாது, தோல் பொத்துப்போகும். கூரானதையும் மழுங்கியதையும், சூட்டையும் குளிர்ச்சியையும் பிரித்துச் சொல்ல முடிகிறதா என்று முட்டியைச் சுற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள்.

வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவர்கள் கவனிக்க: ஐஎஃப்டியில் சில இடங்களில் பேடுக்குப் பதில் உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கிண்ணம் வைப்பார்கள். எடுத்ததும் தோலில் வட்ட வட்டமாக ரத்தம் கட்டி நிற்கும். கிண்ணம் வேண்டாம், ஒட்டும் பேடே போதும் என்று சொல்லிவிடுங்கள்.

7. சிகிச்சை நடக்கும்போது

பேடுகள் எல்லாம் ஒரே முட்டியைச் சுற்றி, பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். மின்சாரம் ஒரு பேடிலிருந்து இன்னொரு பேடுக்குத்தான் ஓடும். இந்தக் காலில் ஒன்று, அந்தக் காலில் ஒன்று என்றோ, முட்டியில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்றோ ஒட்டினால் மின்பாதை உடம்புக்குள் ஏறிவிடும். நெஞ்சிலும் கழுத்தின் முன்பக்கத்திலும் எப்போதுமே கூடாது. கழுத்தில் ரத்த அழுத்தத்தைக் கவனிக்கும் நரம்புமுனை இருக்கிறது, அதைத் தூண்டினால் அழுத்தம் சட்டென்று இறங்கும். இது பேஸ்மேக்கர் இல்லாதவர்களுக்கும் பொருந்தும்.

இதயச் செயலிழப்பு உள்ளவர்களைக் கட்டிலில் சமமாகப் படுக்க வைத்தால் மூச்சு வாங்கும். தலைமாட்டை உயர்த்தச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்பட்டு அப்பா ஒருநாள் இருபது நிமிடம் திணறிக்கொண்டே படுத்திருந்தார், நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து நான் உள்ளேயே உட்கார்ந்துகொள்கிறேன்.

ஆரம்பிக்கும் முன்னும் முடிந்த பின்னும் நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்த்து எழுதி வையுங்கள். சுறுசுறுவென்ற உணர்வு இதமாக இருக்க வேண்டும். வலித்தால்தான் வேலை செய்யும் என்பது தவறு. தலைசுற்றல், படபடப்பு, நெஞ்சில் இறுக்கம், மூச்சுத்திணறல், கண் இருட்டுதல், கருவியிலிருந்து பீப் ஒலி அல்லது அதிர்வு, இதில் எது வந்தாலும் உடனே மெஷினை நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்திய பிறகும் தொடர்ந்தால், மயக்கம் வந்தால், அல்லது ஐசிடி அதிர்ச்சி கொடுத்தால் நேரே அவசரச் சிகிச்சைதான். முடிந்ததும் சட்டென்று எழ வேண்டாம். அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்குப் படுக்கையிலிருந்து எழுந்ததும் தள்ளாடும். இரண்டு நிமிடம் கட்டிலோரம் காலைத் தொங்கவிட்டு உட்காருங்கள்.

8. செலவு

அனுமதி கையில் வரும் முன் பத்து நாள், பதினைந்து நாள் பேக்கேஜுக்குப் பணம் கட்டாதீர்கள். நாங்கள் கட்டினோம். சிகிச்சை நடக்காத நாட்களுக்கான பணத்தை வாங்கப் பட்ட பாடு தனிக்கதை. ஒவ்வொரு முறைக்கும் தனியாகக் கட்டுங்கள், நாலைந்து முறைக்குள் எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

மறைந்திருக்கும் செலவுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: கருவிச் சோதனைக் கட்டணம், இதய டாக்டர் ஆலோசனை, போக்குவரத்து, கூட வருபவரின் விடுப்பு. காப்பீடு இருந்தால், டாக்டரின் பரிந்துரைக் கடிதம் சிகிச்சைக்கு முந்தைய தேதியில் இருக்கிறதா என்று பாருங்கள். பிந்தைய தேதிக் கடிதத்தை வைத்துக்கொண்டு பணம் கேட்பது கஷ்டம்.

9. வீட்டு மெஷின் வாங்கும் ஆசை வந்தால்

பேஸ்மேக்கரோ ஐசிடியோ இருந்தால், டாக்டர் குறிப்பாக அந்த மாடலுக்கு எழுதித் தராமல் வாங்காதீர்கள். வலி அதிகமான இரவில் யாரும் பக்கத்தில் இல்லாதபோது திருகை இன்னும் கொஞ்சம் ஏற்றத்தான் கை போகும். அப்பாவுக்கு அனுமதி கிடைத்தது ஆள் கூட இருக்கும் இடத்தில் வைக்க மட்டும், வீட்டுக்கு இல்லை.

கருவி இல்லாத இதய நோயாளிகள், டாக்டர் சரி என்றால் வீட்டில் வைக்கலாம். பேடை ஒட்டிய பிறகே மெஷினைப் போட வேண்டும், அணைத்த பிறகே எடுக்க வேண்டும். தூங்கும்போதும், குளிக்கும்போதும், வண்டி ஓட்டும்போதும் கூடாது. பேடின் பசை காய்ந்தால் ஓரம் தூக்கிக்கொண்டு, ஒட்டியிருக்கும் சின்ன இடத்திலேயே மின்சாரம் எல்லாம் குவியும், சுருக்கென்று குத்தும். பேட் மாற்றும் செலவு தொடர்ந்து வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஈசிஜி எடுக்கப் போகும்போது மெஷினைக் கழற்றிவிடுங்கள். ஹோல்டர் (நாள் முழுக்க ஈசிஜி பதியும் சிறு கருவி) மாட்டியிருக்கும் நாளில் வைக்காதீர்கள். பதிவில் கோணல்மாணலாக விழுந்து, இல்லாத நோய் இருப்பதுபோலத் தெரியும்.

10. "வேண்டாம்" என்று சொல்லிவிட்டால்

ஏமாற்றமாக இருக்கும், தெரியும். ஆனால் முட்டிக்கு எல்லா வழிகாட்டுதல்களும் முதலில் சொல்வது தசைப் பயிற்சியையும் எடைக் குறைப்பையும்தான், அதற்குக் கரண்டே வேண்டாம். காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி ஐந்து எண்ணும் வரை பிடித்துவிடுவது. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை மெதுவாக நீட்டி இறக்குவது. இதய நோயாளிகள் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: பிடிக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது, ரத்த அழுத்தம் ஏறிவிடும். வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக ஓடும். அப்பா ஒன்று முதல் ஐந்து வரை சத்தமாக எண்ணுவது அடுத்த அறை வரை கேட்கும். அவருக்கு டென்ஸ் தந்ததைவிட ஆறேழு வாரம் இதைச் செய்ததில்தான் மாடிப்படி ஏறுவது சுலபமானது.

மேலே தடவும் வலி மருந்துகள், எதிர்க்கையில் கைத்தடி, முட்டியுறை பற்றியெல்லாம் அதே டாக்டரிடம் கேளுங்கள். தடவும் மருந்து ரத்தத்தில் சேரும் அளவு மாத்திரையைவிட மிகக் குறைவு, ஆனாலும் வார்ஃபரின் எடுப்பவர்கள் கேட்காமல் தடவ வேண்டாம். காந்தம் வைத்த முட்டியுறை வாங்காதீர்கள். முட்டியில் இருக்கும்போது தூரம்தான், கழற்றிச் சட்டைப்பையில் வைத்தால் அது பேஸ்மேக்கருக்கு நேரே வந்துவிடும்.

11. கடிதத்துக்கும் ஆயுள் உண்டு

பேஸ்மேக்கரின் பேட்டரி தீர்ந்து புதிய கருவி வைத்தால், அமைப்புகளை மாற்றினால், பேஸ்மேக்கர் ஐசிடியாக மாறினால், பிசியோதெரபி இடம் மாறி மெஷின் வேறானால், பழைய அனுமதி செல்லாது. ஐந்தாவது படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். ஒவ்வொரு முறை கட்டிலில் ஏறும் முன்னும், அன்று இருக்கும் தெரபிஸ்டிடம் கடிதத்தைக் காட்டுங்கள். நேற்று இருந்தவர் இன்று இருக்க மாட்டார். அப்பாவின் கடிதத்தின் நகல் இப்போது அடையாள அட்டையோடு அவர் பர்சிலேயே இருக்கிறது. "காலை நீட்டுங்க ஐயா" என்று யாராவது சொன்னால் அவர் முதலில் பர்சைத்தான் எடுக்கிறார்.